சரோஜம்மாள் விரும்பிக் கேட்ட பாடல்

எங்கள் வானொலி நிலையத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தியை எங்கள் வானொலி நிலையமே சொல்லவில்லை. ஊரில் யார் வீட்டு மாடு தொலைந்தாலும் சொன்ன நிலையம் அது. தன் சாவுச் செய்தியை மட்டும் சொல்ல அதற்கு அனுமதி இல்லை. ஒரு காகிதத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கீழே கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான்.

நான் அங்கே தற்காலிக அறிவிப்பாளர். பெயர் ராசாத்தி, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வண்டிக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது பெட்டியோடு வந்தவள். மதுரைத் தமிழ் வாசனை இல்லாமல் சுத்தமாக வாசிக்கிறாளே என்று எடுத்துக்கொண்டார்கள். தற்காலிகம், தற்காலிகம் என்று சொல்லியே என் தலையை நரைக்க வைத்துவிட்டார்கள். நிரந்தரமாக இருந்தவர்கள் எல்லாம் மாற்றல் வாங்கிப் போனார்கள். நிரந்தரமாக இருந்தது நான்தான்.

பாகலூர் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் நிலையம். எஃப்.எம். இல்லை, பழைய மீடியம் வேவ். நடுவில் ஒற்றைக் கோபுரம். அதன் அடியிலிருந்து நாலா பக்கமும், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல, செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைத்திருந்தார்கள். அதற்காகவே அவ்வளவு நிலம் வேண்டியிருந்தது. அந்த நிலம் உள்ளூர் விவசாயி திம்மராயனின் அப்பாவுடையது. ராகி விளைந்த காடு. அரசாங்கம் எடுத்துக்கொண்ட நாளிலிருந்து அதில் ஏர் ஓடவில்லை. மண்ணைக் கீறினால் கம்பி அறுந்துவிடும் என்று கோரைப்புல்லை வளரவிட்டார்கள். நிலம் போன பிறகு மிச்சமிருந்த துண்டில், சுற்றுவேலியை ஒட்டினாற்போல, திம்மராயன் வீடு கட்டிக்கொண்டார். அவர் மனைவிதான் சரோஜம்மாள்.

நான் வந்த புதிதில் அந்த வேலி பேசும். சத்தியமாகச் சொல்கிறேன். கோபுரம் அவ்வளவு பக்கத்தில் இருந்ததால், துருப்பிடித்த கம்பி முடிச்சுகளில் எங்கள் குரல் கசகசவென்று கேட்கும். நான் ஸ்டுடியோவில் தக்காளி விலை வாசித்துவிட்டு வெளியே வந்தால், எனக்குப் பின்னால் வாசிக்கிறவர் வேலியில் கன்னடத்தில் கொத்தமல்லி விலை சொல்லிக்கொண்டிருப்பார். சரோஜம்மாளின் மகன் ஹரீஷ்குமார் அப்போது கால்சட்டைப் பையன். வேலியில் காதை வைத்துக்கொண்டு, "ராசாத்தி அத்தை கம்பிக்குள்ள கீறாங்க" என்று எல்லோரிடமும் சொல்வான்.

எங்களுக்கும் ஒரு காலம் இருந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் பேசினோம். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு என்ன விலை போனது என்று கோலாரிலும் சித்தூரிலும் கேட்டார்கள். தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த தென்மாவட்டத்துப் பையன்கள் லைன் வீட்டில் நாலு பேராகப் படுத்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு எங்கள் ஒலி போகாது என்று தெரிந்தும், அம்மா பெயரைப் போட்டு நேயர் விருப்பத்துக்கு அட்டை எழுதுவார்கள். சாக்கு மூட்டையில் அட்டை வரும். பிறகு எஃப்.எம். வந்தது, போன் வந்தது. சாக்கு மூட்டை பையாகி, பை கவராகி, ஒரு நாள் ஒன்றுமே வரவில்லை.

ஆனால் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. அட்டவணையில் இருக்கிறதே. அதனால் பெயர்களை நாங்களே போட்டுக்கொண்டோம். எனக்கு ஆகாத நாத்தனாரைக்கூட வாரத்துக்கு ஒரு பாட்டு விரும்ப வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் சரோஜம்மாள் ஒரு மதியம் வந்து ஸ்டுடியோ வாசலில் நின்றாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

"அக்கா, ஹரீஷு வூட்ட வுட்டுப் போயிட்டான்."

ஹரீஷ்குமார் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தான், ஆளைக் குறைத்தபோது அவனையும் குறைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "பெங்களூர் பக்கம் வேலை தேடிப் போயிருப்பான்டி. போன் போட்டுப் பாரு" என்றேன்.

"போனு பீரோ மேல கீது. சட்டை ரெண்டு எடுத்துக்கினு, அவங்க தாத்தாவோட குட்டி ரேடியோ ஒண்ணு இருந்துச்சே, அதையும் எடுத்துக்கினு போயிக்கிறான். அதாங்க்கா வந்தேன். போன வெச்சிட்டு ரேடியோவ எடுத்துக்கினு போயிருக்கான்னா, நம்ம ஸ்டேசனக் கேக்கறதுக்குத்தானே? நீ கூப்புடு. உன் கொரலுன்னா வருவான்."

"போலீஸ்ல எழுதிக் குடுத்தியா? அந்தக் காகிதம் இருந்தாத்தான் காணவில்லை அறிவிப்பு வாசிக்க விடுவாங்க."

"போலீஸு வேணாங்க்கா."

"ஏன்டி, பெத்த பிள்ளையக் காணோம்ங்கிற, போலீஸ் வேணாங்கிற. என்ன பேச்சு இது?"

அவள் முந்தானையை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். திம்மராயன் மானம் மரியாதை பார்க்கிற ஆள், விடமாட்டேன் என்றிருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். காகிதம் இல்லாமல் காணவில்லை வாசிக்க முடியாது. ஆனால் நேயர் விருப்பத்துக்கு எந்தக் காகிதமும் வேண்டாம். அன்று மாலையே வாசித்தேன். "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர் சரோஜம்மாள். வெளியூர் போயிருக்கும் தன் மகன் ஹரீஷ்குமாருக்காகக் கேட்டிருக்கிறார்." பல வருடங்களுக்குப் பிறகு நான் வாசித்த முதல் நிஜப் பெயர்.

அதன் பிறகு தினமும் அவளுக்கு ஒரு பாட்டு. மதியம் வந்து என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவாள். நான் அதை விதிக்குள் எப்படியாவது திணிப்பேன். எருமை கிடாரிக் கன்று போட்ட மகிழ்ச்சியில் சரோஜம்மாள் கேட்கும் பாடல். மாடி அறைக்கு சிமெண்ட் பூசி முடித்த சரோஜம்மாள், அந்த அறை காலியாக இருக்கிறது என்று மகனுக்குத் தெரிவித்துக் கேட்கும் பாடல். ஒரு நாள், "அப்பாவுக்குக் கோவம் இல்லைன்னு சொல்லுக்கா" என்றாள்.

"நெசமாவே இல்லையா?"

"இருக்குது. நீ இல்லைன்னு சொல்லு."

சொன்னேன். பொய்ப் பெயர் எத்தனையோ வாசித்த வாய்தானே. திம்மராயன் கோபம் ஊருக்கே தெரியும். மகன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் ரேடியோவைத் திருப்பினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். "பாட்டு முடிஞ்சாத்தான் உள்ள வருவாரு" என்று சரோஜம்மாள் சொல்வாள்.

இரண்டு வருடம் ஓடியது. ஹரீஷ்குமார் வரவில்லை. ஆனாலும் எங்கள் இருவருக்கும் நம்பிக்கை விடவில்லை. மாலூரிலோ, ஆனேக்கலிலோ, ஏதோ ஒரு கம்பெனிக் கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு தகரக் கூரையின் கீழ் அவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான், வீம்பு தணியவில்லை, அவ்வளவுதான் என்று பேசிக்கொள்வோம். எனக்கும் அது வேண்டியிருந்தது. யாருமே கேட்காத இடத்தில் பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஒரே ஒருத்தன் கேட்கிறான் என்பது பெரிய விஷயம்.

இந்த நிலையில்தான் அந்த வாட்ஸ்அப் காகிதம் வந்தது. மாதக் கடைசியோடு மூடல்.

கடைசி வாரத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. இத்தனை வருடத்தில் என் குரலை நான் வெளியே இருந்து கேட்டதே இல்லை. ஒலிபரப்பு நேரத்தில் நான் உள்ளே இருப்பேன். காதில் மாட்டியிருக்கும் கருவியில் கேட்பது ஸ்டுடியோவிலிருந்து நேராக வருகிற சத்தம். கோபுரம் ஏறி இறங்கி வருகிற சத்தம் இல்லை. அங்கே வேலை பார்த்த எல்லோருமே அப்படித்தான். வேலியில் கேட்டதோடு சரி, எங்கள் நிலையத்தை வெளியே இருந்து ரேடியோவில் கேட்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு நாள் நிகழ்ச்சியை முன்கூட்டிப் பதிவு செய்து கொடுத்துவிட்டு, வீட்டுப் பரணில் கிடந்த டிரான்சிஸ்டருக்கு பேட்டரி போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன்.

இரைச்சல். வேறொன்றும் இல்லை. ஊசியை முன்னே பின்னே நகர்த்தினேன். செட்டைத் தட்டினேன். எங்கோ தூரத்து இந்தி நிலையம் ஒன்று முனகியது. பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் மின்கம்பி, அதனால் இருக்கும் என்று பாகலூர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து செட்டைக் காதில் வைத்துக்கொண்டேன். ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கம்பெனிகள் கடந்தன, லேஅவுட்டுகள் கடந்தன, குடைமிளகாய்க் கொட்டகைகள் கடந்தன. இரைச்சல்தான். எங்கள் நிறுத்தத்தில் இறங்கினேன். அங்கேயும் இரைச்சல். நிலையத்துக்குப் போகும் மண்பாதையில் நடந்தேன். கேட் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல, என் குரல் வந்தது. "சரோஜம்மாள், தன் மகன் ஹரீஷ்குமாருக்காக." நாலு அடி பின்னால் வைத்தேன். போய்விட்டது. முன்னால் வந்தேன். வந்தது.

கோலார் வரைக்கும் போன குரல்.

டிரான்ஸ்மிட்டர் அறையில் நல்லுசாமி அண்ணன் இருந்தார். கரூர்க்காரர், நிலையம் தொடங்கிய காலத்து டெக்னீசியன். என் கையில் இருந்த செட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காரவில்லை.

"எவ்வளவு நாளா இப்படிண்ணே?"

"கம்பிய எவனோ தோண்டி எடுத்துட்டுப் போனானுங்களே அம்மிணி, அதுலருந்து. கெழக்குப் பக்கம் பூராவும் போச்சு. அதுக்கப்பறம் பவர ஏத்துனா மிசினு தன்னால கட்டாயிருதுங்க. கட்டாவாத அளவுக்குக் கொறச்சு வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். மேல சொன்னேன். மூடப்போற எடத்துக்கு எதுக்குப் புதுக்கம்பின்னுட்டாங்க."

"எவ்வளவு தூரம் போகுது?"

"கேட்டு வரைக்கும் போவும். சரோஜம்மா வூட்டுல நல்லாவே எடுக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? நீங்களும் சரோஜம்மாவும் ஒரு நம்பிக்கையில இருந்தீங்க. அதையும் எதுக்குக் கெடுக்கறதுன்னுட்டு..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் செட்டை அவர் மேசைமேல் வைத்த சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. கெடுக்க வேண்டாமாம். இரண்டு வருடம். ஊரைச் சுற்றிச் சுவரொட்டி ஒட்டியிருக்கலாம். கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்டிருக்கலாம். ரேடியோ கூப்பிடுகிறதே என்று நம்பி ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தாள். வேலி பேச்சை நிறுத்தி எவ்வளவோ நாளாகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. துருப்பிடித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். துருப்பிடித்த வேலிதான் பேசும் என்பது கூட மறந்துவிட்டது.

அவளிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. மறுநாள் காலையில் போனேன். திம்மராயன் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். சரோஜம்மாள் வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி போனதையும், ஒலி கேட்டைத் தாண்டாததையும்.

"அப்போ நான் மட்டுந்தான் கேட்டுக்கினு இருந்தேனா?"

"ஆமாடி."

கட்டிய கட்டை மடியில் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தாள். நான் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"கம்பி எந்தப் பக்கத்துல போச்சாம்?"

"கிழக்கால. இந்த வேலிக்கு அந்தாண்ட."

"அது ஹரீஷுதாங்க்கா" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தணிந்த குரலில், தோட்டத்துப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே சொன்னாள். வேலை போன பிறகு கூட்டாளிகளோடு சேர்ந்து அவன்தான் தோண்டியிருக்கிறான். கம்பி எங்கெங்கே ஓடுகிறது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? நிலம் தாத்தாவுடையது, அதில் கிடப்பதும் தாத்தாவுடையதுதான் என்று அவனுக்கு ஒரு நியாயம். கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் செம்புச் சுருளைத் திம்மராயன் பார்த்துவிட்டார். நானே போலீசில் பிடித்துக் கொடுக்கிறேன் என்று கத்தியிருக்கிறார். விடிந்தபோது பையன் இல்லை. சுருளை அவரே பொழுது விடியுமுன் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாராம்.

அதனால்தான் போலீஸ் வேண்டாம் என்றாள். கம்பி திருட்டுக்காக எங்கள் வானொலி நிலையம் போலீசில் கொடுத்த புகார் அப்படியே இருக்கிறது. மகனைத் தேடச் சொன்னால் திருடனைத் தேடச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயந்திருக்கிறாள். யாரிடமும் அகப்படாமல் அவனை மட்டும் கூப்பிட அவளுக்கு இருந்த ஒரே வழி என் குரல்.

"அவன் எடுத்தது எனக்குத் தெரியுங்க்கா. எடுத்தா சத்தம் போவாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

அவனுக்கும்தான் யார் சொன்னார்கள்? எங்கோ ஒரு தகரக் கூரையின் கீழ் தாத்தாவின் ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான். ஊர் நிலையம் கிடைக்கவில்லை என்றதும், தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று முடிவு கட்டியிருப்பான்.

கடைசி நாள் மதியம் அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வழக்கம்போல வந்து வாசலில் நின்றாள். "இன்னிக்கும் ஒண்ணு போடுக்கா."

"எதுக்குடி? வெளிய போகாதுன்னு சொன்னேன்ல."

"எனக்குக் கேக்குதில்ல. வூட்ல அவன் பேரச் சொல்ல ஆளில்ல. நான் சொன்னா அவரு எழுந்து போயிடறாரு. உன் வாயில வந்தாத்தான் அவன் பேரு எங்க வூட்டுக்குள்ள வருது."

அன்று அரைமணி நேரமும் ஒரே நேயர்தான். என் நாத்தனாரும் வேண்டாம், எந்தப் பொய்ப் பெயரும் வேண்டாம் என்று எடுத்து எறிந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதையே சொன்னேன். சரோஜம்மாள், தன் மகன் ஹரீஷ்குமாருக்காக. அடுத்ததும் சரோஜம்மாள். அதற்கடுத்ததும். யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? முடித்ததும் வணக்கம் சொன்னேன். அடுத்த அறையில் நல்லுசாமி அண்ணன் சுவிட்சைக் கீழே தள்ளினார். பல வருடமாக அந்தக் கட்டிடத்தில் இருந்த இயந்திர ரீங்காரம் அடங்கியதும் காதில் வலிப்பது போல் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் வெளியே வரும்போது, "வாங்கண்ணே, இருட்டுது" என்று கூப்பிட்டேன்.

மறுநாள் மாலை என் சாப்பாட்டு டப்பாவையும் நாற்காலி மெத்தையையும் எடுக்கப் போனேன். எடுத்துக்கொண்டு திரும்பும்போது சரோஜம்மாள் வீட்டில் ரேடியோ இரைச்சல் பாதை வரைக்கும் கேட்டது. நேயர் விருப்ப நேரம். உள்ளே போனேன். ஜன்னல் திண்டில் செட்டை வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லித் தலையை அசைத்தாள். நானும் உட்கார்ந்தேன். இருவருமாக அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் மாட்டுக் கொட்டகை. கையெட்டும் தூரம். அவ்வளவு பக்கம் என்று எனக்கு அதுவரை தெரியாது. எருமையின் பக்கத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திம்மராயன் நின்றிருந்தார். கையில் கயிறு இருந்தது. கட்டவும் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. என்னை அவர் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"ஊசி நவுந்திருக்கும். சரியா வெச்சுப் பாரு."

சரோஜம்மாள் என்னைப் பார்த்தாள். நிலையம் மூடியதை அவள் அவரிடம் சொல்லவில்லை. கேட்கவே கேட்காத மனிதரிடம் எதற்குச் சொல்வது என்று விட்டிருக்கிறாள். இரண்டு வருடமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவரும்தான் கேட்டிருக்கிறார். நான் வாயைத் திறந்தேன். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

எழுந்து போய் ஊசியை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்த்தினாள். இரைச்சல் ஏறியது, இறங்கியது.

"இன்னுங் கொஞ்சம்" என்றார் திம்மராயன்.

அவள் திருப்பிக்கொண்டே இருந்தாள்.